நைட் ஷிஃப்ட்டா? பெரிய சாப்பாட்டைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்

ராத்திரி ஒன்றரை மணிக்குக் கேன்டீனில் பரோட்டா, சால்னா. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். இரவில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் கூடும்போது இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. பகலில் சாப்பிடும் அதே சோறு, நள்ளிரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றிவிடும். 2021-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில் 19 பேரை இரவு வேலை போன்ற சூழலில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4% உயர்ந்தது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி உயரவில்லை.

அதனால் ஏழு, எட்டு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் பசித்தால் கைப்பிடி சுண்டல், மோர், அவித்த முட்டை போதும். டீயைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை! அதுவும் இரண்டு மணிக்கு மேல் குடித்தால் காலைத் தூக்கம் கெடும். ஷிஃப்ட் முடிந்ததும் ரெண்டு இட்லி, அப்புறம் அறையை நன்றாக இருட்டாக்கிப் படுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். வேலை நேரத்தில் சர்க்கரை திடீரென இறங்கினால் அது இன்னும் ஆபத்து.