கார் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறதா? பேட்டரி வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடிக்காமல் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனால், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை "பேட்டரியை மாத்திடுங்க" என்பதுதான். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பூத்துப்போன பேட்டரி டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை), தளர்ந்த எர்த் வயர் (பேட்டரியின் மைனஸை பாடியோடும் எஞ்சினோடும் இணைப்பது), ராத்திரியில் இறங்கிவிடும் பெட்ரோல் அழுத்தம் எல்லாமே வெளியே பார்க்க அதே கோளாறு மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள், அடுத்து அளந்து பாருங்கள், பாகத்தை மாற்றுவது கடைசி. பெரும்பாலான சோதனைகளுக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப இன்னொரு ஆளும் இருந்தால் போதும்.

வேலை தொடங்கும் முன் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில்) வையுங்கள். மோதிரம், வளையல், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி முனையில் உலோகம் பட்டால் நொடியில் சுட்டுவிடும்.

படி 1: சத்தத்தைக் கேளுங்கள்

செல்ஃப் மோட்டார் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்) மெதுவாக, சோர்ந்துபோய்ச் சுற்றினால் கோளாறு கரண்ட் பக்கம். "டக டக டக" என்று வேகமாக அடித்தாலும் அப்படித்தான், பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது இணைப்பு சரியில்லை. விளக்குகள் பளிச்சென்று எரியும்போதே ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் ஒயரையோ சந்தேகப்படலாம். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிட்டு நேராகப் படி 4க்குப் போங்கள். சத்தமே இல்லையா? கிளட்சை முழுசாக மிதித்துப் பாருங்கள், ஆட்டோமேட்டிக் காரில் பார்க்கிங்குக்குப் பதில் நியூட்ரலில் வைத்து முயற்சி செய்யுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது விட்டு மறுபடி அடியுங்கள், இல்லையென்றால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

படி 2: பேட்டரியை அளங்கள்

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் நின்றபடி 12.6 காட்டும் பேட்டரியும் சுமை ஏறியதும் விழுந்துவிடலாம் என்பதால், செல்ஃப் அடிக்கும்போதும் மீட்டரைப் பாருங்கள். சார்ஜ் நிறைந்த நல்ல பேட்டரி பொதுவாக 9.6க்குக் கீழே இறங்காது. அளவு குறைவாக இருந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம், முழுசாக சார்ஜ் ஏற்றி மறுபடி சோதியுங்கள்.

எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம்) சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம், அப்போது புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

படி 3: இணைப்புகள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது, எனக்கோ ரொம்ப முக்கியமாகப் படும் இடம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கண்ணுக்கே தெரியும், ஆனால் ஒயருக்குள் அரித்திருந்தால் தெரியாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலேயே வைத்து (அதைக் கவ்வியிருக்கும் ஒயர் கிளாம்பில் அல்ல), மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவுக்குள் இருந்தால் நல்லது. அதைவிட நன்றாகக் கூடினால் எர்த் பக்கம் எங்கேயோ தடை இருக்கிறது. பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் இடையே இதேபோல் அளந்தால் 0.5க்குள் வர வேண்டும்.

சுத்தம் செய்ய, மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இறுக்கி மாட்டுங்கள். கையால் அசைத்தால் கிளாம்ப் அசையவே கூடாது.

படி 4: செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் கேளுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் டேங்க் பக்கமிருந்து ஓரிரண்டு விநாடிக்கு மெல்லிய முனகல் வரும், அதுதான் பெட்ரோல் பம்ப். வரவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), அப்புறம்தான் பம்ப். காலையில் தயங்கும் வண்டி, சாவியை இரண்டு மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்த பிறகு சட்டென்று பிடித்தால், லைனில் நிற்க வேண்டிய அழுத்தம் ராத்திரியில் கசிந்துபோகிறது. பம்ப்பிலுள்ள வால்வு அல்லது இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) காரணமாக இருக்கலாம்.

பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள், பல இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் உள்ளே போகும். வண்டிக்கு அடியில் சொட்டுவது தெரிந்தால் மட்டும் செல்ஃபைத் தொடவே வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்திருக்கிறதா, ஈரமா என்பது தெரியும். டீசல் காரில் ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்த பிறகு அடித்தும் குளிரில் மட்டும் தயங்கினால் அந்தப் பிளக்குகளைச் சோதியுங்கள்.

சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலப் பிடிக்கிறதா? எஞ்சின் சுற்றுவதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம் வைக்கலாம். ஓபிடி ஸ்கேனரில் (கம்ப்யூட்டரில் பதிவான எர்ரர் கோடுகளைப் படிக்கும் கருவி) பி0335 (P0335) என்ற கோட் வந்தால் அந்த சென்சாரும் அதன் ஒயரும்தான் பார்க்க வேண்டிய இடம். கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் தவறாகக் காட்டினாலும் குளிரில் தயக்கம் வரும், அதற்கு எர்ரர் கோட் விழாமலும் போகலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரின் நேரடி அளவுகளில் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் மட்டும் 60, 70 டிகிரி காட்டினால் கம்ப்யூட்டர் எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. முதலில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள், அப்போதும் அளவு மாறவில்லையென்றால் சென்சாரை மாற்றுங்கள்.