வீட்டில் பாட்டுக் கேட்க ஓப்பன்-பேக் ஹெட்போன்

ஓப்பன்-பேக்கில் காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் மூடியிருக்காது, வலைதான். அதனால் காது அவ்வளவாகப் புழுங்காது, பாட்டும் விரிந்து கேட்கும், ஆனால் மிக்ஸி சத்தமும் உள்ளே வரும், நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும் (பஸ்ஸுக்கு ஆகாது).

முதலில் எடை. சென்ஹைசர் எச்டி 560எஸ் சுமார் 240 கிராம்தான், கழுத்துக்குப் பாரமில்லை. கண்ணாடி போடுபவர் என்றால் காதைச் சுற்றி மெத்தென்ற துணி மெத்தை உள்ளதைப் போட்டுப் பாருங்கள், காம்பு பொட்டில் குத்துகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை; இது அதிகமானால் போனின் சக்தி போதாமல் போகலாம். பிலிப்ஸ் எஸ்எச்பி9500 வெறும் 32 ஓம், போனிலேயே ஓடும். 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ என்றால் ஆம்ப் (ஒலிக்குச் சக்தி கூட்டும் தனிப் பெட்டி) செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வயர் கழற்றி மாற்றக்கூடியதா? நாற்காலிச் சக்கரத்தில் ஒன்றை நசுக்கிய பிறகுதான் நான் இதைக் கேட்கவே ஆரம்பித்தேன்.