நாற்பதாண்டு விஸ்கியைக் கிருஷ்ணகிரி வெயிலில் காப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில் 1836இல் உரிமம் பெற்று, 1865 முதல் கிராண்ட் குடும்பத்தின் கையிலிருக்கும் கிளென்பார்க்ளஸ் வடிசாலையில், ஷெர்ரி என்னும் ஸ்பெயின் நாட்டு ஒயின் ஊறிய ஓக் பீப்பாயில் 40 ஆண்டு கிடந்த சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி), ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போக எஞ்சிய அரும்பொருளாகும். வைக்கோலில் மாங்காய் பழுப்பதுபோல் விஸ்கி பாட்டிலுக்குள் முதிர்வதில்லை. ஆகவே இருக்கும் சுவையைக் காப்பதே நம் வேலை.

கிருஷ்ணகிரியின் சித்திரை வெக்கை ஏறும் பரணை விட்டு, வெளிச்சம் படாத உள்ளறை அலமாரியில் பாட்டிலை நிறுத்தியே வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். திறக்கையில் தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருப்புங்கள். தக்கை உடைந்து துகள் விழுந்தாலும் கவலை வேண்டாம், மெல்லிய துணியில் வடிகட்டலாம். ஐஸ் மணத்தை அடக்கிவிடும் என்பதால், வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதளவு ஊற்றி, கால் மணி நேரம் பொறுத்து, உலர்திராட்சை மணம் எழுந்த பின் ஓரிரு துளி தண்ணீர் மட்டும் சேருங்கள்.