நாவல் சொல்லாமல் விட்டதை வாசிக்கும் முறை: தில்லித் தமிழ் வாசகர்களுக்கு

வரலாற்றையும் குடும்பத்தையும் ஒருசேரப் பேசும் நாவலை எடுத்தவுடன், கதை நிகழும் ஆண்டைக் கண்டறிந்து, அக்காலத்தில் அந்த ஊரில் நடந்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர் எவற்றைச் சொல்லியிருக்க முடியும் என்பது தெரிந்தால்தான், எவற்றைச் சொல்லாமல் விட்டார் என்பது புலப்படும்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' இதற்கு மிகவும் பொருத்தமானது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவுடன் இணையவில்லை. 1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் நுழைந்து, சில நாட்களிலேயே அவருடைய ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. நாவலோ செகந்திராபாத்தில் வாழும் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரனின் கல்லூரி, கிரிக்கெட், அண்டை வீடுகள் என்று நகர்கிறது. அரசியல் செய்தி வரும் பக்கங்களைவிட, அண்டை வீட்டாருடன் அவனுக்குள்ள பழக்கத்தில் எங்கே விரிசல் விழத் தொடங்குகிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். இறுதியில், கலவரத்தின் நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் புகும்போது, குடும்பத்தைக் காக்க ஒரு பெண் தன்னையே தர முன்வருகிறாள். யாரையும் தாக்காத அவனும் அவள் கண்ணுக்குத் தாக்க வந்தவன்தான். அதுவரை குறித்துவைத்த சிறு விரிசல்களை இக்காட்சிக்குப் பின் திரும்பப் படித்தால், வேடிக்கை பார்த்தவன் என்று நாம் எண்ணியிருந்தவனுக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடம் இருந்தது விளங்கும்.

அடுத்து, யார் யாரை எப்படி விளிக்கிறார்கள், யார் திண்ணையோடு நிறுத்தப்படுகிறார்கள் என்று கவனியுங்கள். வயதில் மூத்த கூலியாளைச் சிறுவன் ஒருமையில் அழைத்தால், சாதி என்ற சொல்லே வராமல் சாதி அங்கே பேசப்பட்டுவிட்டது. இந்தியின் 'ஆப்' (நீங்கள்), 'தும்' (நீ) வேறுபாட்டோடு வளர்ந்த தில்லி இளைஞர்களுக்கு இதைப் பிடிப்பது எளிது. அவர்களையே முதலில் பேசச் சொல்லலாம்.

பார்ப்பவர் யார் என்ற கேள்வியை நாம் கூடுதலாகவே கேட்டாக வேண்டும். தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட 1968 கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', தஞ்சைக் கிராமத்தைப் பெரும்பாலும் தில்லியிலிருந்து சென்ற படித்தவர்களின் வழியே காண்கிறது. உழைப்பவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது எந்தெந்த இடங்களில் நேரடியாகக் கேட்கிறது என்று தேடுங்கள். தலைநகரில் வாழ்ந்துகொண்டு ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நமக்கு இத்தேடல் மிக அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் கண்ட உட்பொருளுக்கு நாவலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து இரண்டு சான்றுகளாவது காட்ட முடிய வேண்டும்; முடியாவிட்டால் அதை உங்கள் ஊகம் என்றே சொல்லிவிடுங்கள். ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ வாசகர்களாகக் கூடும்போது, ஒவ்வொருவரும் பக்க எண்ணோடு வந்து, அப்பகுதியை உரக்கப் படித்த பிறகே விளக்கத்தைத் தொடங்குவது நல்லது.