அமெரிக்காவின் பெரிய கொலை வழக்குகளைப் பின்தொடர்வது எப்படி: தீர்ப்புக்கு முன்னால் ஜூரியைப் பாருங்கள்

நான் ஜார்ஜியா மாநிலத்தில், குற்ற வழக்குகள் நடத்தும் ஒரு சிறிய வக்கீல் ஆபீஸில் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக இருக்கிறேன். இனம் சம்பந்தப்பட்ட கொலை வழக்கு ஏதாவது டிவியில் ஓட ஆரம்பித்தால் மதுரையிலிருந்து சித்தப்பா கூப்பிடுவார், டொராண்டோவிலிருந்து தோழி மெசேஜ் போடுவாள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "தீர்ப்பு நியாயமா இல்லையா?" அவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே, இப்படிப்பட்ட வழக்கை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு ஒரு வழிமுறை பிடிபட்டுவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தியாவில் ஜூரி முறை போய் அரை நூற்றாண்டு ஆகிறது. அதனால் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது நீதிபதி யார் என்றுதான். இங்கே கொலை வழக்கில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது பெரும்பாலும் அந்த வட்டாரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். எனவே தீர்ப்பு வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் நாளிலேயே செய்தியைப் படிக்க ஆரம்பியுங்கள்.

எந்த ஊரில் நடக்கிறது?

1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே அதைப் பார்த்தது. ஆனால் வழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் நடக்கவில்லை. அங்கே ஊடகப் பரபரப்பு அதிகமாகிவிட்டது என்று பக்கத்து வென்சுரா மாவட்டத்தின் சிமி வேலிக்கு மாற்றினார்கள். வெள்ளையர் மிகுந்த ஊர் அது, போலீஸ்காரர்கள் பலர் குடியிருக்கும் ஊரும்கூட. ஜூரியில் பத்து வெள்ளையர், ஒரு லத்தீன் இனத்தவர், ஓர் ஆசியர் என்று அன்றைய செய்திகள் எண்ணிச் சொல்லின. 1992 ஏப்ரல் 29 அன்று போலீஸார் ஏறக்குறைய எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார்கள். அன்று மாலை மூண்ட கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கிலும் முதலில் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கொலை நடந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்குப் பகுதியில், வழக்கு நடந்தது நகர மையத்துக் கோர்ட்டில். ஜூரியில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். 1995 அக்டோபர் 3 அன்று விடுதலை. பிறகு சாண்டா மோனிகாவில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஜூரி முன் நடந்த சிவில் வழக்கில் 1997இல் அவரே பொறுப்பு என்று முடிவாகி, 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். சிவில் வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு, அதனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் எந்த வழக்கையும் படிக்காதீர்கள். அமெரிக்க சென்சஸ் துறையின் 'குவிக் ஃபேக்ட்ஸ்' பக்கத்தில் அந்த மாவட்டத்தின் பெயரை அடித்தால், யார் எத்தனை சதவீதம் என்று உடனே தெரிந்துவிடும். அந்த எண் அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படும்.

யாரை நீக்கினார்கள், என்ன காரணம் சொன்னார்கள்?

அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஜூரி தேர்வு நாளில் எங்கள் ஆபீஸில் ஓர் அட்டையைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டுவோம். ஒவ்வொன்றிலும் ஜூரர் எண், வேலை, கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில். ஒருவரை நீக்கியதும் தாளைப் பிய்த்து அட்டைக்குப் பின்னால் ஒட்டி, நீக்கியது எந்தத் தரப்பு, சொன்ன காரணம் என்ன என்பதை வார்த்தை மாறாமல் எழுதுவது என் வேலை. சாயங்காலம் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பல நாள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் சொல்லும்.

நீக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒருவரால் நடுநிலையாக இருக்க முடியாது என்று நிரூபித்து நீக்குவது ஒன்று. காரணமே சொல்லாமல் நீக்குவது இன்னொன்று. இதை ஸ்ட்ரைக் என்பார்கள், இரு தரப்புக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிடைக்கும். பல காலமாகக் கறுப்பினத்தவரை வெளியே அனுப்ப உதவிய வாசல் இந்த இரண்டாவதுதான். 1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இனத்துக்காக ஸ்ட்ரைக் செய்யக் கூடாது என்றது. சந்தேகம் எழுந்தால் வக்கீல் இனம் சாராத ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் என்ன ஆனது? காரணங்கள் தயாராக வந்து நின்றன. "என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை", "உற்சாகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்", "தம்பி ஜெயிலில் இருக்கிறார்".

எங்கள் ஜார்ஜியாவிலேயே திமத்தி ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவரின் கொலை வழக்கு விசாரணை இருக்கிறது. 1987இல் நடந்த விசாரணை. அரசுத் தரப்பின் குறிப்புகள் பல ஆண்டுகள் கழித்து, அரசுப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் சட்டத்தின் வழியே வெளியே வந்தன. பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் மட்டும் பச்சை மையால் தீட்டப்பட்டிருந்தன, பக்கத்தில் 'பி' (பிளாக், அதாவது கறுப்பினத்தவர்) என்ற எழுத்து. தகுதி பெற்றிருந்த கறுப்பினத்தவர் நான்கு பேரையும் நீக்கியிருந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் தள்ளியது. அந்தப் பக்கங்களின் நகலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அதே மாதிரி பட்டியலைத்தான் நானும் தயார் செய்கிறேன்.

மிசிசிப்பியின் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு இன்னும் பெரிய பாடம். 1996இல் வினோனா என்ற சிற்றூரின் ஃபர்னிச்சர் கடையில் நடந்த நான்கு கொலைகளுக்காக ஒரே அரசு வக்கீல் அவர்மேல் ஆறு முறை விசாரணை நடத்தினார். அந்த ஆறிலும் சேர்த்து, ஸ்ட்ரைக் செய்திருக்கக்கூடிய 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்கினார். ஆறாவது விசாரணையில் தான் நீக்கிய ஐந்து கறுப்பினத்தவரிடம் மொத்தம் 145 கேள்விகள் கேட்டார். ஜூரியில் அமர்ந்த பதினொரு வெள்ளையரிடம் மொத்தமே 12. "குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தைத் தெரியுமா?" என்று துருவித் துருவிக் கேட்டால், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சிற்றூரில் ஏதாவது அகப்படாமலா போகும்? 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது, 2020இல் குற்றச்சாட்டே கைவிடப்பட்டது. அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழித்துவிட்டார்.

ஆகவே செய்தியில் ஜூரி தேர்வு பற்றி வந்தால் மூன்று எண்களைத் தேடுங்கள்: கடைசிச் சுற்றில் (ஸ்ட்ரைக் தொடங்கும்போது மிச்சமிருந்தவர்களில்) இருந்த கறுப்பினத்தவர் எத்தனை பேர், ஸ்ட்ரைக் ஆனவர் எத்தனை பேர், உள்ளே அமர்ந்தவர் எத்தனை பேர். பிறகு, சொன்ன காரணத்தை எடுத்து உள்ளே அமர்ந்த வெள்ளையரோடு பொருத்திப் பாருங்கள். அதே காரணம் அவருக்கும் பொருந்தியும் அவரை விட்டுவைத்திருந்தால், அது காரணமே இல்லை. குறிப்பாக "போலீஸ்மேல் நம்பிக்கை இல்லை என்றார்" என்ற காரணம் வந்தால் நிறுத்தி யோசியுங்கள். போலீஸ் அடிக்கடி மறித்துச் சோதிக்கும் தெருவில் வாழ்பவர் உண்மையைச் சொன்னால் வேறென்ன சொல்வார்? இதனால்தான் வாஷிங்டன் மாநிலம் 2018இல், இத்தகைய காரணங்களைச் செல்லாதவையாகவே முதலில் கருத வேண்டும் என்று விதி செய்தது. அரிசோனா 2022 முதல் ஸ்ட்ரைக்கையே எடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் எல்லா மாநிலங்களும் அரிசோனா வழிக்கு வர வேண்டும்.

இந்த எண்களை வைத்துத் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அஹ்மத் ஆர்பரி என்ற கறுப்பின இளைஞர், எங்கள் மாநிலத்தின் கடலோர ஊரான பிரன்ஸ்விக் பக்கத்தில் 2020 பிப்ரவரியில் ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளையர் மூவரால் துரத்திச் சுடப்பட்டார். வீடியோ வெளியான பிறகே, இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்துக் கைது நடந்தது. மாவட்டத்தில் கால்வாசி கறுப்பினத்தவர். கடைசிச் சுற்றுக்கு வந்த பன்னிரண்டு கறுப்பினத்தவரில் பதினொரு பேரைக் குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பு நீக்கியது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாகத் தெரிகிறது என்று நீதிபதியே சொன்னார். ஆனாலும் சொல்லப்பட்ட காரணங்களைச் சட்டப்படி ஏற்க வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டார். பதினொரு வெள்ளையரும் ஒரே ஒரு கறுப்பினத்தவரும் அமர்ந்த அந்த ஜூரி, 2021 நவம்பரில் மூவரையும் கொலைக் குற்றவாளிகள் என்றது. தீர்ப்பு சரியாக வந்தது. ஆனால் நீக்கப்பட்ட அந்தப் பதினொரு பேரும் அவர்களுடைய வீட்டாரும் இந்த நீதிமன்றத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

முதல் செய்தியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த அன்று மினியாபொலிஸ் போலீஸ் விட்ட அறிக்கை, போலீஸோடு தொடர்பில் இருந்தபோது ஏற்பட்ட மருத்துவக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தது. போலீஸ்காரர் அவர் கழுத்தில் வைத்த முழங்காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி போனில் படம் பிடித்திருக்காவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண்மேல் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், 1989இல், 14 முதல் 16 வயதுக்குள் இருந்த ஐந்து கறுப்பின, லத்தீன் பையன்களைப் பிடித்தார்கள். பல மணி நேர விசாரணை பதிவாகவில்லை, நால்வர் கடைசியில் கொடுத்த வாக்குமூலங்கள் மட்டும் வீடியோவில் இருந்தன. டிஎன்ஏ ஐவருக்கும் பொருந்தவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே டொனால்ட் டிரம்ப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு டிஎன்ஏவும் பொருந்தியபின் ஐவரின் தண்டனைகளும் ரத்தாயின. எனவே வாக்குமூலம் என்று கேட்டால், எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, பக்கத்தில் பெற்றோரோ வக்கீலோ இருந்தார்களா என்று கேளுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

சிம்ப்சன் தீர்ப்பன்று கறுப்பினத்தவர் பலர் கைதட்டியதைப் பார்த்து "கொலைகாரனுக்கா கைதட்டல்?" என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த நகரின் முந்தைய நான்கு ஆண்டுகளைப் படியுங்கள். ராட்னி கிங்குக்கு நடந்த அதே மாதத்தில் லடாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண், ஒரு ஜூஸ் பாட்டில் தகராறில் கடைக்காரப் பெண்மணியால் பின்னந்தலையில் சுடப்பட்டாள். ஜூரி குற்றவாளி என்றது. நீதிபதியோ சிறையே இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 500 டாலர் அபராதமும் விதித்தார். சிம்ப்சன் வழக்கின் முக்கியத் துப்பறிவாளர், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பத்து ஆண்டுகளாகப் பயன்படுத்தவில்லை என்று சத்தியம் செய்தார், ஒலிநாடாவில் அதே சொல் திரும்பத் திரும்ப வந்தது. இதெல்லாம் மனதில் இருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு சிம்ப்சன் என்ற ஒரு மனிதரைப் பற்றியது மட்டுமே இல்லை. கொலையுண்ட இருவரின் குடும்பங்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாதவர் இந்த வழக்கைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

இலங்கைத் தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டுப் பெற்றார்கள். 2016 டிசம்பரில் விடுதலையும் ஆனார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு சிமி வேலியைப் படியுங்கள்.

உங்களுக்கே சம்மன் வந்தால்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலர் ஜூரி சம்மன் வந்ததும், "எப்படித் தப்பிக்கிறது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். தப்பிக்காதீர்கள், போங்கள். கிரீன் கார்டுதான் என்றால் தகுதியில்லை என்று படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினால் போதும். மணிக்கூலிக்கு வேலை செய்பவர்களால் சொற்பப் படிக்காக வாரக்கணக்கில் உட்கார முடியாது. சம்பளம் பிடிக்காத ஆபீஸில் இருக்கும் நீங்களும் நழுவினால் அந்த அறையில் மிச்சம் இருப்பது யார்?

நம் வீடுகளில் கறுப்பினத்தவரைப் பற்றி என்ன பேச்சு ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். "அந்த ஏரியாவுக்குப் போகாதே" என்பதிலிருந்து தொடங்குகிறது. கேள்வித்தாளில் அதைப் பற்றிக் கேட்டால் அழகான பதில் எழுதாதீர்கள், உள்ளதை எழுதுங்கள். ஜூரி அறைக்குள் யாராவது இனத்தைக் காட்டிப் பேசினால் நீதிபதிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். கொலராடோவின் பெனா-ரோட்ரிகஸ் வழக்கில், மெக்சிகோக்காரர்கள் அப்படித்தான் என்று ஒரு ஜூரர் சொன்னதை மற்ற இருவர் விசாரணை முடிந்த பிறகுதான் வக்கீலிடம் சொன்னார்கள். அதைக் கேட்கவே கோர்ட்டுகள் மறுத்தன, 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் கதவு திறந்தது. அதனால் சீட்டை அந்தப் பேச்சு நடந்த அன்றே, தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.