பாட்டுக்கு நடுவில் இருப்பதை வெட்டாதீர்கள்

ஊருக்கு லீவில் வருகிறவர்கள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பழைய கசெட்டுகள் வெளியே வருகின்றன. "இதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றி, லண்டனில் இருக்கிற அண்ணைக்கும் ரொறன்ரோவில் இருக்கிற மாமிக்கும் கேட்கிற மாதிரிச் செய்யலாமா?" என்று யாழ்ப்பாணத்தில் என்னிடம் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அநேகமானோர் வருவது தாங்களே தொடங்கி, இடையில் சிக்கிய பிறகு. சிக்குகிற இடங்களும் திரும்பத் திரும்ப அதே இடங்கள். நான் இந்த வேலையைப் பழகிய காலத்தில் சிக்கிய இடங்களுந்தான்.

எல்லோருக்கும் தெரிந்த சின்னப் பிழைகளை விடுகிறேன். பிறகு திருத்த முடியாதவற்றையும், திருத்தக் கன காலம் எடுப்பவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

கசெட்டைப் பாட்டுப் பாட்டாக வெட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் நடக்கிற பிழை இது. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு குடும்பம் ஒரு பெட்டி நிறையக் கசெட்டுகளை ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் வாங்கியிருந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் வடிவாக இருந்தது. ஒவ்வொரு பாட்டும் தனிக் கோப்பு, தொடக்கமும் முடிவும் சுத்தம், நாடாவின் இரைச்சல்கூட இல்லை. அந்த வீட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில எங்கட அம்மம்மா கதைச்சது எங்க?" ஜேர்மனியில் இருந்த மகனுக்கு அனுப்ப அம்மம்மா ஒரு கசெட்டில் கதைத்துப் பதிந்திருக்கிறார். பாட்டுக் கசெட்டின் பி பக்கத்தில், மூன்றாவது பாட்டின் மேலேயே. கடைக்காரருக்கு அது பாட்டைக் கெடுத்த சத்தம். வெட்டிவிட்டார். கசெட்டுகள் திரும்ப வேண்டுமா என்று கேட்டபோது வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவையும் போய்விட்டன.

அந்தப் பென் டிரைவில் மிஞ்சிய எல்லாப் பாட்டையும் இணையத்தில் அரை நிமிடத்தில் எடுக்கலாம், அதைவிடத் தெளிவாகவும் எடுக்கலாம். அம்மம்மாவின் குரலை எங்கே எடுப்பது?

எங்கள் வீடுகளின் கசெட்டுகள் ஏன் இப்படிக் கலந்து கிடக்கின்றன என்று யோசித்தால் இந்தப் பிழையின் கனம் விளங்கும். ரெக்கோடிங் பாரில் துண்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கசெட்டுகள் ஒருபக்கம். இலங்கை வானொலியில் போகும்போது நேரே பதிந்தவை இன்னொரு பக்கம். அவற்றில் பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளரின் குரல் இருக்கும். கே. எஸ். ராஜாவின் அறிவிப்பு இருந்த இடத்தை வெட்டி, அவர் அறிவித்த சினிமாப் பாட்டை மட்டும் பத்திரப்படுத்திய பென் டிரைவுகளையும் கண்டிருக்கிறேன். அப்புறம் 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலம். பற்றரி வராது, மின்சாரம் இல்லை, புதுக் கசெட் கிடைப்பதும் கஷ்டம். இருந்ததற்கு மேலேயே திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். சாமத்தியவீட்டு வாழ்த்து, கோயில் திருவிழா மேளம், வெளிநாட்டுக்கு அனுப்பிய கதை, பிள்ளை முதலாவதாகப் பாடிய தேவாரம் எல்லாம் ஏதோ ஒரு படத்தின் பெயர் எழுதிய கசெட்டுக்குள் கிடக்கும்.

அதனால் உறையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கசெட்டின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். கடையில் வாங்கிய கசெட்டுக்கு மேலே திரும்பப் பதியாமல் இருக்க, அங்கே இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருந்தால் அல்லது கடதாசி அடைத்திருந்தால், யாரோ அதில் திரும்பப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கசெட்டை முதலில் எடுங்கள்.

பதியும் முறை சிக்கலானதல்ல. ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு பக்கம் முழுவதையும், தொடக்கத்திலிருந்து நாடா முடியும் வரை, ஒரே கோப்பாகப் பதியுங்கள். நடுவில் ஐந்து நிமிடம் சத்தமே இல்லாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். நாடாவின் கடைசியில் யாராவது கதைத்திருப்பது சாதாரணம். ஒலி அளவு உச்சக்கோட்டில் முட்டாமல் கொஞ்சம் கீழே நிற்கட்டும், முட்டி உடைந்த சத்தத்தைப் பிறகு ஒட்ட முடியாது. 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் வரும். 90 நிமிடக் கசெட்டின் ஒரு பக்கம் 450 மெகாபைட்டுக்குக் கிட்ட. பெரிதாகத் தெரிந்தால் ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். தரம் துளிகூடக் குறையாமல் ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கும். இந்தக் கோப்புக்குப் பெட்டி இலக்கம், கசெட் இலக்கம், பக்கம் என்று பெயர் வைத்து, உறையைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு, அதற்குமேல் கை வைக்காதீர்கள். வெட்டுவது, இரைச்சல் எடுப்பது எல்லாம் அதன் பிரதியில். இரைச்சல் நீக்கும் கருவிகள் மூச்சையும் ச, ஸ போன்ற ஒலிகளையும் சேர்த்துத் தின்றுவிடும். வயதானவர்களின் மெல்லிய குரலில் மிஞ்சுவது தண்ணீருக்குள் கதைப்பதுபோல இருக்கும்.

இன்னொன்று. தடைக்காலத்துக் கசெட்டுகளில் சில, ஆட்கள் வேகமாகக் கீச்சுக் குரலில் கதைப்பதுபோலக் கேட்கும். நாடா பழுதாகிவிட்டது என்று எறியாதீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரெக்கோடரை ஓடவிட்ட காலம் அது. சுற்றுகிற கை களைத்தால் மோட்டர் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடியபோது பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் அப்படித்தான் கேட்கும். ஒடாசிட்டியில் வேகத்தை மாற்றலாம். ஒரே பக்கத்தில் வேகம் கூடிக் குறைந்திருந்தால் துண்டு துண்டாகச் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் குரல் திரும்ப வரும்.

பதிந்தவுடன் கசெட்டை எறிவது

எறியாதீர்கள்.

வீட்டுப் பதிவையும் கடைப் பாட்டையும் கலப்பது

மேல்மட்டத்தில் இரண்டே இரண்டு கோப்புறைகள் போதும். ஒன்று வெளியே கிடைக்கக்கூடிய பாட்டு, மற்றது எங்கள் வீட்டில் மட்டும் இருப்பது. முதலாவது அழிந்தால் திரும்பச் சேர்க்கலாம். கவலையெல்லாம் இரண்டாவதைப் பற்றியே இருக்கட்டும். இரண்டையும் கலந்து வைத்துவிட்டு, இடம் காணாதபோது ஒரே பாட்டு இரண்டு தரம் இருப்பதை அழிக்கும் மென்பொருளை ஓடவிடுகிறார்கள். அவற்றில் சில பெயரை மட்டும் பார்த்து அழிக்கும். வீட்டுப் பதிவுகளில் முக்கால்வாசிக்கு 'ட்ராக் 01' என்றுதானே பெயர்?

பாடியவர் பெயரை எல்லா இடத்திலும் போடுவது

ஒரு படத்தின் ஐந்து பாட்டையும் ஐந்து பேர் பாடியிருப்பார்கள். பாட்டுக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதும் இடங்களை டேக் என்பார்கள். அதில் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் அவர்கள் பெயரைப் போட்டு, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தை வெறுமையாக விட்டால், பல பிளேயர்கள் அந்தப் படத்தை ஐந்து ஆல்பமாகப் பிரித்துக் காட்டும். ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். படம் ஒன்றாகச் சேரும். பெயரைத் தமிழில் ஒரே விதமாக எழுதுங்கள். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்களோ அத்தனை இளையராஜாக்கள் உங்கள் பட்டியலில் வருவார்கள். எம்பி3டேக் போன்ற மென்பொருளில் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே தரத்தில் மாற்றலாம்.

மேளக் கச்சேரிக்கு மட்டும் வேறு வழி. நாதஸ்வரம் வாசித்தவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் ஊரில் கச்சேரியைத் தவிலுக்காகத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் கேட்க விரும்புகிறவர் அவர் பெயரைத்தான் அடிப்பார். ஆர்ட்டிஸ்டில் இரண்டு பெயரும் இருக்கட்டும். கோயிலும் ஆண்டும் தெரிந்தால் ஆல்பம் பெயரில் சேருங்கள்.

பாமினியில் அடித்த பெயர்களை அப்படியே விடுவது

பழைய கணினிகளில் பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் இன்றைய போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். அந்தக் கோப்பு பழுதில்லை. பெயரை எடுத்து ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு, யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்குக் கொண்டுவாருங்கள். யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'கொ' என்பதன் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடும்போது சில மென்பொருள்கள் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும். ஒருவரே ஒரே விசைப்பலகையில் எல்லாப் பெயரையும் அடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கோப்பின் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். வீட்டு இணைய வலையில் பூட்டி வைக்கும், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். பாட்டின் முதலடி, படம், இரண்டு பாடகர், இசையமைப்பாளர் என்று நீட்டினால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், அந்தப் பெட்டி ஏற்காது. விவரமெல்லாம் உள்ளே டேக்கில் இருக்கட்டும்.

நேரே எம்.பி.3இல் பதிவது

வேண்டாம். போனில் கேட்கும் பிரதிக்கு மட்டும் எம்.பி.3.

எல்லோருக்கும் அழிக்கும் உரிமை கொடுப்பது

இணையச் சேமிப்பில் பகிர்ந்த கோப்புறையை எல்லாப் போனிலும் ஒத்திசைய விட்டுவிட்டு, நான்கு நாட்டில் நான்கு பிரதி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது நான்கு பிரதி அல்ல. ரொறன்ரோவில் மருமகனின் போனில் இடம் முடிந்து, அவர் கோப்புறைக்குள் இருப்பவற்றை அழித்தால் யாழ்ப்பாணத்திலும் அழியும். பெரும்பாலான சேவைகள் அழித்ததைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அழிப்பதும் மாற்றுவதும் ஒருவர் கையில் இருக்கட்டும். மற்றவர்களுக்குக் கேட்கும் உரிமை, புதிதாகக் கொண்டுவருவதைப் போட 'வரவு' என்று ஒரு தனிக் கோப்புறை. இதைவிட, எதனோடும் இணையாத வன்தட்டு இரண்டு: ஒன்று இங்கே, மற்றது வெளிநாட்டில் ஒரு வீட்டில். ஆண்டுக்கு ஒரு தரமாவது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

யார் குரல் என்று எழுதாமல் விடுவது

முதல் நாளே செய்யுங்கள். கதைத்திருக்கிற இடத்தில் அரை நிமிடத்தை வெட்டிப் பெரியம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பி, இது யார், எந்த வீடு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். சொன்னதைக் கொமெண்ட் என்ற இடத்தில் எழுதுங்கள். சந்தேகமாகச் சொன்னால் சந்தேகம் என்றே எழுதுங்கள். பிறகு இன்னொருவரிடம் கேட்டுத் திருத்தலாம். பின்னால் கேட்கிற நாய்க்குரைப்பு, கோயில் மணி, சந்தைச் சத்தம் எல்லாம் அவர்களுக்கு இடத்தை நினைவுபடுத்தும். அதனால் அனுப்புகிற துண்டு இரைச்சல் நீக்காததாக இருக்கட்டும்.