விண்டோஸ் இன்ஸ்டாலில் டிஸ்க்கே தெரியவில்லையா?

புதிதாக விண்டோஸ் போடும்போது, டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை காலியாக நின்றால் எஸ்எஸ்டி போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) விஎம்டி என்ற, டிஸ்க்கை நிர்வகிக்கும் செட்டிங் ஆனில் இருக்கும். அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

வேறொரு கணினியில், விஎம்டிக்குத் தேவையான ‘இன்டெல் ஆர்எஸ்டி’ (Intel RST) டிரைவரை, உங்கள் மாடலுக்கு உரியதாகத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்குங்கள். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் பயனில்லை. பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் (.inf என்று முடியும்) கோப்பு உள்ள ஃபோல்டரைப் போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பிறகு அதே திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் பழைய விண்டோஸ் அதில் இன்னும் தேவை என்றால் கை வைக்காதீர்கள், அது பூட் ஆகாமல் போகலாம்.

இன்ஸ்டாலின்போது வைஃபை டிரைவர் இல்லாமல் நெட் வரவில்லையா? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து, போனின் நெட்டைக் கணினிக்குத் தரும் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்து பாருங்கள். பெரும்பாலும் நெட் கிடைத்துவிடும்.